சந்தனப் பொட்டின் மேல் போட்ட பழி

ஒரு ஹார்டு டிஸ்க்கைச் சந்தனம் கொன்றுவிட்டது என்று ஒரு விஜயதசமி அன்று காலையிலிருந்து மத்தியானம் வரை நான் மனதார நம்பினேன். கொசுறாக, பக்கத்தில் இருந்த இன்னொரு டிஸ்க்கையும் அதே சந்தனம் கேபிள் வழியாகப் போய்த் தீர்த்துக் கட்டிவிட்டது என்றும் நம்பினேன். அப்போது நான் சம்பளம் வாங்குகிற சர்வீஸ் என்ஜினியர். என் டிப்ளமோ சர்டிபிகேட்டை அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள், "உங்க காலத்துல எல்லாம் எப்படி சார்?" என்று கேட்கிறார்கள். பெருமையாகச் சொல்ல என்னிடமும் நாலைந்து சம்பவங்கள் உண்டு. அவற்றை வீட்டில் சொல்லிச் சொல்லி, நான் வாயைத் திறந்தாலே மனைவி எழுந்து போய்விடுகிற நிலைக்குக் கொண்டுவந்தாயிற்று. மீதி இருப்பது இதுதான்.

பாதி கிரைண்டர், பாதி கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. முதலாளி தென்காசிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மிக்ஸி, கிரைண்டர் விற்றுக்கொண்டிருந்தவர், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் கடையில் பாதியைக் கம்ப்யூட்டருக்கு ஒதுக்கிவிட்டார். மானிட்டர் பார்க்க வந்தவர்கள் கிரைண்டர் கல்லில் காலை இடித்துக்கொள்வார்கள்.

அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. எந்தக் கேள்வி கேட்டால் நாங்கள் முழிப்போம் என்பது தெரியும். மிக்ஸி ஓடவில்லை என்று வருகிறவரிடம் "பிளக்கப் பாத்தியளா?" என்று கேட்டே பழகியவர், எங்களிடம் "கேபிளப் பாத்தியா? ஜம்பரப் பாத்தியா?" என்பார்.

ஜம்பர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால், ஒன்றை மாஸ்டர் என்றும் மற்றதை ஸ்லேவ் என்றும் நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். டிஸ்க்கின் பின்பக்கம் சின்னச் சின்ன ஊசிகள் இருக்கும். அவற்றின் மேல் உளுந்து அளவில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. அதை எந்த ஊசிகளில் மாட்டுகிறோமோ அதுதான் உத்தரவு. இரண்டு டிஸ்க்கும் மாஸ்டராக இருந்துவிட்டால் இரண்டுமே வாயைத் திறக்காது. ஒரே பந்தியில் இரண்டு மூத்த மாப்பிள்ளைகள் உட்கார்ந்த மாதிரி. எந்தத் தொப்பி எங்கே என்று டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே படம் போட்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடமும் இதுதான்.

விசாலம் மாமி

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. மாடிப் போர்ஷன். விசாலம் மாமிக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். தானாகவே போய் கிளாஸில் சேர்ந்து, கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கிற டிடிபி கற்றுக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை, ஸ்லோகப் புத்தகம் என்று வீட்டிலிருந்தே செய்துகொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் சுந்தரம் சார் வங்கி அதிகாரி. நல்ல மனிதர்தான். ஆனால் மாமியின் வேலையை "விசாலத்தோட சொப்புக் கடை" என்றுதான் சொல்வார்.

அந்த வருஷம் அடையாறில் ஒரு பெண்கள் பள்ளியின் வெள்ளிவிழா மலர் மாமிக்குக் கிடைத்திருந்தது. மலர் ஒழுங்காக வந்தால் இனிமேல் வருஷா வருஷம் பள்ளியின் எல்லா அச்சு வேலையும் அவருக்கே என்று தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். சொப்புக் கடை நிஜக் கடையாவது அந்த ஒரு மலரில் இருந்தது. படங்கள் சேரச் சேரப் பழைய டிஸ்க் பிதுங்கியது. அதனால் பெரிதாகப் புது டிஸ்க் ஒன்று வாங்கி, அதில் விண்டோஸ் 95 போட்டு, பழையதை இரண்டாவதாக வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

டிஸ்க்கை நான் கொண்டுபோய்க் கொடுத்த அன்று சரஸ்வதி பூஜை. மாமி அதைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார்.

"நாளைக்குத்தானேப்பா மாட்டப் போறே? புஸ்தகத்தோட இதையும் பூஜைல வெச்சுடட்டுமா?"

"வைங்க மாமி."

"பொட்டு வெக்கலாமோ? ஒண்ணும் ஆயிடாதே?"

நான் என்ஜினியர் முகத்தைப் போட்டுக்கொண்டேன். "தாராளமா வைங்க மாமி. இரும்புப் பெட்டிக்குப் பொட்டு வெச்சா இன்னா ஆயிடப் போவுது?"

"பழசுல இருக்கற மலரை ஃப்ளாப்பில எடுத்து வெச்சுண்டுடலாமா? நாளைக்கு நீ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி?"

"எதுக்கு மாமி? பழச நான் தொடவே போறதில்ல. அது பாட்டுக்குக் கெடக்கும்."

இரண்டு கேள்வி, இரண்டு பதில். இரண்டும் என் வாயிலிருந்து வந்தவை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அடுத்த நாளே மறந்துவிட்டேன்.

நல்ல நேரம்

விஜயதசமி அன்று காலை, நல்ல நேரம் பார்த்து மாமி டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். மேல் மூடியின் ஓரத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், அதில் ஒட்டிய ஒரு சாமந்தி இதழ். நானும் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினேன். ஒரே கேபிளின் இரண்டு சொருகிகளில் இரண்டு டிஸ்க். ஸ்விட்சைப் போட்டேன்.

கறுப்புத் திரையில் மெமரி எண்ணி முடிந்தது. அடுத்து டிஸ்க்குகளின் பெயர் வர வேண்டும். முதல் வரியில் ஒன்றும் இல்லை என்று வந்தது. இரண்டாவது வரியிலும் அதே. புது டிஸ்க் இல்லை. நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த பழைய டிஸ்க்கும் இல்லை.

கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். பவர் ஒயரை மாற்றினேன். மெஷின் விழித்ததும் முதலில் ஓடுகிற பயாஸுக்குள் போய் டிஸ்க்கைத் தேடச் சொன்னேன். அது தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றது. ஃப்ளாப்பியில் பூட் செய்து எஃப்டிஸ்க்கை ஓட்டினேன். புது டிஸ்க்கைப் பாகம் பிரிக்கிற புரோகிராம் அது. நிலமே இல்லாத ஊரில் எதைப்பா அளக்கச் சொல்கிறாய் என்கிற மாதிரி அதுவும் கையை விரித்தது. ஃபேன் தலைக்கு மேல் ஓடுகிறது, எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் மானிட்டரின் பின்பக்கத்தைத் தட்டிக்கூடப் பார்த்தேன். டிவிக்குச் செய்கிற வைத்தியம்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் ஜம்பரைப் பார்ப்பான். ஜம்பர் கறுப்பாக, பின்பக்கத்தில், உளுந்து அளவில் இருந்தது. பொட்டு சிவப்பாக, கண்ணுக்கு நேரே இருந்தது. நான் பொட்டைப் பார்த்தேன்.

சுந்தரம் சார் பேப்பரை மடித்துக்கொண்டே வந்தார். "என்னப்பா, சரஸ்வதி வந்தாளா?"

"ஈரம் எறங்கியிருக்குது சார்."

"எந்த ஈரம்?"

"சந்தனம் சார்."

அவர் உள்பக்கம் திரும்பினார். "விசாலம், இங்க வந்து பாரு. மெஷினுக்குப் பொட்டு, மெஷினுக்குப் பூ. இனிமே நலங்கு ஒண்ணுதான் பாக்கி."

மாமி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பழனிதானே வெக்கலாம்னான்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"மேலாப்புல லேசா வெப்பீங்கன்னு நெனச்சேன் மாமி. இவ்ளோ வெச்சா..."

'இவ்ளோ' என்பது ஒரு சட்டைப் பொத்தான் அகலம்.

"எழுத்து மறையக் கூடாதேன்னு ஓரமாத்தானே வெச்சேன்."

"ஓரம்னாலும் ஈரம் ஈரம்தானே மாமி."

டிஸ்க்கின் மேல் மூடி வெறும் தகடு. சர்க்யூட் எல்லாம் அடிப்பக்கம். உச்சந்தலையில் வைத்த பொட்டு வயிற்றைக் கெடுத்துவிட்டது என்று ஒருவன் சொன்னால் அவனை டாக்டர் என்று கூப்பிடுவோமா? நான் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

மாமிக்கு அப்போதுதான் உறைத்தது. "மலர்?"

"பழசும் காட்ட மாட்டேங்குது மாமி."

அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அதுக்குப் பொட்டே வெக்கலியே. அது பெட்டிக்குள்ளன்னா இருந்தது? அது ஏன் போச்சு?"

சரியான கேள்வி. அதைக் கேட்டவுடன் நான் வேலையை முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். பயந்தவனுக்குச் சரியான கேள்வி எல்லாம் குற்றப்பத்திரிகை மாதிரிதான் கேட்கும். "ரெண்டுக்கும் ஒரே கேபிள் மாமி. ஈரம் இதுலேர்ந்து அதுக்குப் பாஞ்சிருக்கும்" என்றேன். சொல்லும்போது எனக்கே நியாயமாகப் பட்டது. வங்கி அதிகாரி ஒருவரும், தானாக டிடிபி கற்ற ஒருவரும் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று நம்பினார்கள்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"ஜம்பரப் பாத்தியாலே?"

"பாத்துட்டேன் அண்ணாச்சி."

"ரெண்டுலயும்?"

"ரெண்டுலயும்."

"அப்புறம் என்னலே கேடு?"

"சந்தனம் அண்ணாச்சி."

அவர் மெதுவாக, "சந்தனமா" என்றார். "சரி, ரெண்டையும் கழட்டிக் கொண்டாந்துரு. நாமதான் கெடுத்தோம்னு அவிய சொல்லிரப் பிடாது, பாத்துக்க."

போனை வைத்த உடனே அது மறுபடி அடித்தது. சுந்தரம் சார் எடுத்தார். அடையாறிலிருந்து தலைமையாசிரியை. அன்று சாயங்காலம் மலரின் ப்ரூஃப் தருவதாக மாமி சொல்லியிருந்தாராம்.

"இன்னிக்கு வராது மேடம்," என்றார் சார் சிரித்துக்கொண்டே. "எங்காத்துல ஹார்டு டிஸ்க்குக்குப் பொட்டு வெச்சுட்டா. அது அப்படியே கண்ணை மூடிடுத்து. ஆமாம், சந்தனப் பொட்டு. நிஜமாத்தான் சொல்றேன்."

அவர் வீட்டுத் தமாஷைச் சொல்வதாகத்தான் சொன்னார். மாமி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வந்து புது டிஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஈரப் பஞ்சால் பொட்டைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் ஈரத்தை ஒற்றினார். மறுபடி துடைத்தார். பொட்டு போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் பழையதைக் கழற்றிக் கையில் எடுத்தேன். பையில் போடத் திருப்பியபோது அதன் பின்பக்கம் தெரிந்தது. தொப்பி மாஸ்டரில் இருந்தது. அது அந்தப் பெட்டியில் தனியாக இருந்த நாளிலிருந்து மாஸ்டர்தான். புது டிஸ்க் கம்பெனியிலிருந்து வரும்போதே மாஸ்டராகத்தான் வரும். நான் எதையும் மாற்றவில்லை. பார்க்கக்கூட இல்லை. இரண்டு மாப்பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்கார்த்தி வைத்துவிட்டுச் சமையலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொப்பியை நகத்தால் நெம்பி ஸ்லேவில் மாட்டினேன். கை தானாகச் செய்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. மாமியிடமிருந்து புது டிஸ்க்கை வாங்கி, இரண்டையும் மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். திரையில் முதல் வரியில் புதியது, அடுத்த வரியில் பழையது. பழையதைத் திறந்தேன். மலர் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது.

"பாத்தியா, தொடச்சதும் வந்துடுத்து," என்றார் சுந்தரம் சார்.

"ஆமா சார்," என்றேன்.

விண்டோஸ் ஏறி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. எதையும் பேசாமல் இருக்க வசதியாக நான் அந்த நீலப் பட்டை நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது மாமி சுண்டலும் காப்பியும் கொடுத்து, "மன்னிச்சுக்கோப்பா, என்னால உனக்கு எவ்வளவு சிரமம்," என்றார். காப்பியைக் குடித்தேன். நல்ல காப்பி. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சந்தனம் ஊர் சுற்றியது

பொய்க்குக் கால் முளைக்கும் என்று நான் நினைக்கவில்லை. இந்தப் பொய் பஸ் பாஸ் எடுத்துக்கொண்டது. அண்ணாச்சி மற்ற என்ஜினியர்களைக் கூப்பிட்டு, "டிஸ்க்குல பொட்டு வைக்க வுடாதீய" என்று எச்சரித்தார். டெலிவரி பெட்டிகளில் 'சந்தனம் குங்குமம் தவிர்க்கவும்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். பெசன்ட் நகரில் ஒரு வீட்டில் கீபோர்டு மாற்றப் போனேன். அந்த வீட்டுக்காரர் என்னை உட்கார வைத்து, சந்தன ஈரம் ஒரு டிஸ்க்கிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் பாயும் என்று பேப்பரில் படம் போட்டு விளக்கினார். நான் குறுக்கே ஒரு சந்தேகம்கூடக் கேட்டேன். கேட்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காதே.

சிரிப்பெல்லாம் அடுத்த நவராத்திரி வரைதான். மவுஸ் சரியில்லை என்று மாமி வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள். பூஜைக்கு எடுத்து வைத்த சாமான்கள் கூடத்தில் வரிசையாக இருந்தன. கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், தையல் மெஷின். கம்ப்யூட்டர் மட்டும் மூலையில், தலையோடு கால் துணி போர்த்தி ஒதுக்கி வைத்திருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவரிடம் சுந்தரம் சார் பொட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "காப்பாத்தினது இந்தப் பையன்தான்" என்று என்னைக் காட்டினார். நான் சிரித்து வைத்தேன்.

மவுஸை மாற்றும்போது மாமியிடம் பேச்சுக்குக் கேட்டேன். "ஸ்கூல் வேலையெல்லாம் நல்லாப் போவுதா மாமி?"

"ஸ்கூல் வேலையா? அது போயிடுத்தேப்பா. மலர் நன்னாத்தான் வந்தது. அவாளே சொன்னா. ஆனா மெஷினுக்குப் பொட்டு வெச்சுக் கெடுத்துக்கற எடத்துல எப்படி நம்பிக் குடுக்கறதுன்னு கமிட்டில கேட்டாளாம். அடையாறுலயே ஒரு பிரஸ்ஸுக்குக் குடுத்துட்டா." ஸ்க்ரீனைத் துணியால் துடைத்தார். "கேட்டதும் நியாயம்தானே."

அந்த 'நியாயம்தானே' இல்லாவிட்டால் அன்றைக்கும் நான் மவுஸை மாற்றிவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

"மாமி, அது சந்தனத்தால இல்ல."

"எது?"

"போன வருஷம் டிஸ்க் காட்டாதது. ஜம்பர்னு ஒண்ணு கீது மாமி. பழசுல அத மாத்திட்டு மாட்டணும். நான் மாத்தல. பாக்கவே இல்ல. உங்க பொட்டு ஒண்ணுமே பண்ணல."

கூடத்தில் சுந்தரம் சார் பேச்சை நிறுத்தியிருந்தார். "அட, அப்படியா?" என்று சிரித்தார். "சரி விடு, நல்ல தமாஷா இருந்தது."

மாமி சிரிக்கவில்லை. "இது உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே தெரியும் மாமி."

"அன்னிக்குன்னா எப்போ?"

"நீங்க தொடச்சுக்கினு இருந்தீங்களே. அப்போ."

அவர் துணியை மடித்து மேஜை மேல் வைத்தார். மறுபடி பிரித்து மடித்தார். என்னை ஒருநாளும் 'நீ' தவிர வேறு சொல்லாதவர், "ஸ்கூல்ல போய் இதைச் சொல்லுங்கோ," என்றார்.

அடையாறு

பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் போனேன். பள்ளி வாசலில் நின்று இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தேன். என்னை யாரோ ஃபீஸ் கட்ட வந்த அண்ணன் என்று நினைத்து வாட்ச்மேன் வேறு வரிசையைக் காட்டினார். அந்த வரிசையிலும் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே நிற்பது சுலபமாக இருந்தது.

தலைமையாசிரியை முழுவதும் கேட்டார். நடுவில் நிறுத்தவில்லை. ஜம்பர், மாஸ்டர், ஸ்லேவ் எல்லாம் சொல்லி முடித்ததும், "அவங்க மேல தப்பு இல்லைன்னு சொல்றீங்க" என்றார்.

"ஆமா மேடம். என் மேலதான்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே."

"பயந்துட்டேன் மேடம்."

"யாருக்கு?"

மாமி என்னைத் திட்டியதே கிடையாது. அண்ணாச்சி திட்டுவார், மத்தியானம் அவரே டீ வாங்கித் தருவார். "என்ஜினியர் தப்புப் பண்ணிட்டான்" என்று சுந்தரம் சார் ஒரு வருஷம் சிரித்திருப்பார். அவ்வளவுதான் எனக்கு நேர்ந்திருக்கும்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். "பாத்தியா?" என்று கேட்டால், பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். பார்த்து வர அரை நிமிஷம் ஆகும். பார்க்காமல் "பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு உலகத்தில் இருக்கிற எல்லாப் பொருளும் குற்றவாளியாகத் தெரிய ஆரம்பிக்கும், உங்களைத் தவிர.

தலைமையாசிரியை மாமிக்குப் போன் செய்து வருத்தம் தெரிவித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அந்த அடையாறு பிரஸ்காரர் வேலையை நன்றாகச் செய்துகொண்டிருந்தார். பள்ளி வேலை அவரிடமே இருந்தது. மாமி அதன் பிறகும் கல்யாணப் பத்திரிகை, ஸ்லோகப் புத்தகம் செய்துகொண்டிருந்தார். மெஷினில் ஏதாவது தகராறு என்றால் அண்ணாச்சி கடைக்குத்தான் போன் செய்வார். பழனி வேண்டாம், வேறு யாரையாவது அனுப்புங்கோ என்பார். அண்ணாச்சி வேறு ஆளை அனுப்பினார்.